தாளில் இல்லாத கூட்டல்

அன்று அறையில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன்.

ஜெயவதி மேடம். நிலையத்தின் தலைவர். வந்தவாசிப் பக்கத்து ஜைனக் குடும்பம். சுவரோரம் நாற்காலியில், கண்ணை மூடிக்கொண்டு.

இளங்கோ. கணக்குப் போட்டவர். முதல் மேசை.

ஷாகிரா. அதே கணக்கை வேறொரு அறையில் தனியாக உட்கார்ந்து போட்டவர். இரண்டாம் மேசை.

முனிரத்தினம். கண்ணமங்கலத்துக்காரர். எண்களைக் கணினியில் ஏற்றுகிறவர். ஆன்டெனாவும் அவர் பொறுப்பு.

நான், ஏகாம்பரம். படிக்கிறவன்.

ஐந்து பேர். ஆறாவது ஆள் இல்லை. பிறகு பல தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன்.

ஆரணியிலிருந்து சேத்துப்பட்டு போகிற சாலையில், ஊர் தாண்டி, வேலிக்குள் மூன்று வெள்ளைக் கிண்ணங்கள் தெரியும். ஊரில் அதற்குச் சட்டி ஆபீஸ் என்று பெயர். மேலே சுற்றுகிற செயற்கைக்கோள்களோடு பேசுகிற இடம். நாங்கள் அவற்றை வண்டி என்போம். அங்கே நான் ஓய்வு பெறும்வரை இருந்தேன். இப்போது ஷாகிராதான் தலைவர். இந்த வருடம் வாசிப்பை நிறுத்திவிட்டார்கள். எண்கள் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தாமாகவே போகின்றன. நடுவில் வாயும் இல்லை, காதும் இல்லை.

"அண்ணா, வாசிப்புன்னா இன்னான்னு புதுசா வந்தவங்களுக்குத் தெரியல. நீங்களே எழுதிக் குடுங்க" என்று ஷாகிரா கேட்டார்.

"நான் எட்டாவதுமா."

"அதத்தான் எழுதச் சொல்றேன்."

எட்டாவதுக்குப் பிறகு பல வருடம் ஆரணியில் ஜக்கார்டு அட்டை குத்தும் பட்டறையில் இருந்தேன். பட்டுப் புடவையில் விழவேண்டிய பூவைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து தருவார்கள். ஒருவன் வரிவரியாகப் படிப்பான். இன்னொருவன் அதைக் கேட்டு அட்டையில் ஓட்டை போடுவான். "மூணு எடு, ரெண்டு விடு, ஒண்ணு எடு." நான் படிக்கிறவன். பட்டறைக்காரர் எனக்குச் சொன்னது ஒன்றுதான்: "பூவப் பாக்காத. கட்டத்தப் பாரு." பூவைப் பார்த்துவிட்டால், இதழ் இப்படித்தான் வளையும் என்று வாய் தானாகச் சொல்லிவிடும். தாளில் வேறு இருக்கும். புடவை தறியில் பாதி ஏறிய பிறகுதான் தெரியும்.

அட்டை குத்தவும் மெஷின் வந்தது. நான் சட்டி ஆபீசில் வாட்ச்மேன் ஆனேன்.

ஜெனரேட்டர் மீட்டரைப் படித்து முனிரத்தினத்துக்குச் சொல்வதும் என் வேலை. ஒருநாள் மேடம் பின்னால் நின்றிருக்கிறார். எனக்குத் தெரியாது.

"திரும்பப் படிங்க."

"சைபர், சைபர், நாலு, ஏழு, ஏழு, ஒண்ணு."

"நேத்தைவிட அதிகமா, கம்மியா?"

"தெரியாதுங்க மேடம். நேத்து நேத்தோட போச்சி."

அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். மறுநாள் என்னை உள்ளே கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். எண்கள் மட்டும். படித்தேன். இன்னொன்று கொடுத்தார். படித்தேன். அப்படி இருபது தாள்.

"இது இன்னான்னு தெரியுதா?"

"இல்லைங்க."

"அதுக்குத்தான் நீங்க வேணும். படிச்சவங்க கண்ணு தாள்ல நிக்காது. தாள்ல இருக்க வேண்டியதப் படிச்சிடுவாங்க."

பட்டறைக்காரர் சொன்னதும் இதுதான்.

வாசிப்பு நடக்கும் முறையை எழுதுகிறேன்.

ஒரு வண்டியை ஒரு வட்டத்திலிருந்து மேல் வட்டத்துக்கு ஏற்ற இரண்டு தள்ளல் வேண்டும். முதல் தள்ளல் அதைக் கீழ் வட்டத்திலிருந்து கிளப்பும். அது பூமியைப் பாதி சுற்றி மேலே போய்ச் சேரும். அங்கே இரண்டாவது தள்ளல் கொடுத்தால் மேல் வட்டத்திலேயே நிற்கும். கொடுக்காவிட்டால் திரும்பக் கீழே வந்துவிடும். ஒவ்வொரு தள்ளலுக்கும் எவ்வளவு வேகம், முன்னாலா பின்னாலா என்பதுதான் கணக்கு. முன்னால் என்றால் பிளஸ். பின்னால், அதாவது பிரேக், என்றால் மைனஸ்.

இரண்டு மேசையும் தனித்தனியாகக் கணக்குப் போடும். கணக்குப் போடும் கணினிக்கும் கட்டளை ஏற்றும் கணினிக்கும் தொடர்பு கிடையாது. வைக்கக் கூடாது என்பது விதி. அதனால் முதல் மேசைக்காரர் விடையைக் கையால் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்தத் தாள் என்னிடம் வரும். வேறு யாரும் அதைப் பார்க்கக் கூடாது. நான் ஒவ்வொரு எண்ணாகப் படிப்பேன். முனிரத்தினம் அதைக் கேட்டு ஏற்றுவார். இரண்டாம் மேசைக்காரர் தன் தாளில் உள்ளதோடு ஒப்பிட்டுக்கொண்டே வருவார். ஒத்துப்போகாவிட்டால் கை தூக்குவார். எழுதியவர் அப்போது காதை அடைத்துக்கொள்ள வேண்டும்; அவர் முகத்தைப் பார்த்து யாரும் சரிபார்க்கக் கூடாது. மேடம் கண்ணை மூடிக் கேட்பார். எல்லாம் ரெக்கார்டு ஆகும். கடைசியில் திரையில் ஏறியதை நான் இன்னொரு தடவை படிப்பேன்.

பிளஸ், மைனஸ் குறிக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவில் மேடம் பென்சிலால் நாற்காலிக் கையில் ஒரு தட்டுத் தட்டுவார். தட்டிய பிறகுதான் நான் அடுத்ததைச் சொல்லலாம். அறையில் என் குரல் மட்டும் இருக்கும். பிறகு தட்டு. பிறகு என் குரல். கொஞ்ச நேரம் போனால் அது என் குரல் மாதிரி இருக்காது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேடம் என்னைக் கூப்பிட்டு ஒரு பழைய தாளைக் காட்டிக் கேட்பார்.

"ஏகாம்பரம், இது மேல போற வண்டியா, கீழ வர்ற வண்டியா?"

"தெரியாதுங்க மேடம்."

"சரி, போங்க."

அவ்வளவுதான் பரீட்சை. தெரியாது என்றால் பாஸ்.

வருடக்கணக்கில் அது உண்மையாகவே இருந்தது. ஆனால் ஒரு மனிதன் எவ்வளவு நாள் பூவைப் பார்க்காமல் இருப்பான்? தாளின் தலையில் இப்போதைய வேகம் இருக்கும். காலில், அதாவது அடியில், எல்லாம் முடிந்த பிறகு இருக்கவேண்டிய வேகம். நடுவில் இரண்டு தள்ளல். இரண்டும் பிளஸ். இரண்டு தடவை கூட்டியிருக்கிறார்கள். ஆனால் கால் எண் தலை எண்ணைவிடச் சின்னது. கூட்டக் கூட்டக் குறைகிறது. யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் வேலை போய்விடும். வாட்ச்மேன் வேலை இருக்கும். நான் சொல்வது படிக்கிற வேலை. நான் வாயைத் திறந்தால் நாலு படித்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அந்த வேலை.

ஒருநாள் சாயங்காலம் சைக்கிளில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆற்றுப் பாலத்துக்கு ஏறுகிற மேடு. அழுத்தி மிதித்தேன். மேலே போய்ச் சேர்ந்தபோது வண்டி நின்றுவிடும்போல ஊர்ந்தது. விழாமல் இருக்க இன்னொரு மிதி மிதித்தேன். கீழே இருந்த வேகம் வரவில்லை. இரண்டு மிதி போட்டிருக்கிறேன். முன்னைவிட மெதுவாகப் போகிறேன்.

இறங்கிப் பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பூவைப் பார்த்துவிட்டேன்.

அடுத்த பரீட்சையில் மேடம் கேட்டார். மேலே போகிற வண்டி. நன்றாகவே தெரிந்தது.

"தெரியாதுங்க மேடம்."

"சரி, போங்க."

இப்படி நான்கு பரீட்சை. இரண்டு வருடம்.

இனி அந்த நாள்.

பழைய வண்டி. ஐந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் இருந்ததை ஐந்நூற்று இருபதுக்கு ஏற்ற வேண்டும். எரிபொருள் அந்த ஒரு தடவைக்குத்தான் இருந்தது. தப்பாகத் தள்ளினால் திருத்த மிச்சம் கிடையாது. புயல் படம் எடுக்கிற வண்டி அது. போனால் போனதுதான்.

மதியம் மூன்று மணிக்கு வாசிப்பு. படித்தேன். தட்டு விழுந்தது. படித்தேன். ஷாகிரா கை தூக்கவில்லை. திரையைப் படித்தேன். நாலரை மணிக்கு வண்டி எங்கள் தலைக்கு மேல் வந்தது. கட்டளை ஏறியது. முதல் தள்ளல் எங்கள் கண்ணெதிரே, அதாவது திரையெதிரே, ஒழுங்காக முடிந்தது. வண்டி அடிவானத்துக்குக் கீழே போனது. சத்தம் நின்றது.

இரண்டாவது தள்ளல் நாற்பத்தேழு நிமிடம் கழித்து, பூமிக்கு அந்தப் பக்கம். அதை நாங்கள் பார்க்க முடியாது. தடுக்கவும் முடியாது. வண்டி மறுபடி எங்கள் பக்கம் வர அதற்குப் பிறகு இன்னொரு நாற்பத்தேழு நிமிடம்.

தாளைக் கோப்பில் வைப்பது என் வேலை. வைக்கும்போது பார்த்தேன்.

முதல் தள்ளல்: பிளஸ் ஐந்து புள்ளி ஐந்து இரண்டு நான்கு.

இரண்டாவது: மைனஸ் ஐந்து புள்ளி ஐந்து இரண்டு சைபர்.

மைனஸ். தடியாக, கறுப்பாக, இளங்கோ கையெழுத்தில்.

நான் மைனஸ் என்று படித்த ஞாபகம் இல்லை. பிளஸ் என்று படித்த ஞாபகமும் இல்லை. பென்சில் தட்டிய சத்தம் மட்டும் காதில் இருந்தது. கோப்பை மூடினால் யாரும் திறக்கப் போவதில்லை. தாளைத் திரும்ப வெளியே எடுத்தேன். விசிறி சுற்றியது. முனிரத்தினம் வெளியே யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருந்தார்.

மேடம் டிபன் பாக்சைத் திறந்துகொண்டிருந்தார். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார். எதிரே தாளை வைத்தேன். பார்த்தார். மூடியைத் திரும்ப மூடினார்.

"நீங்க இன்னா படிச்சீங்க?"

"தெரியலைங்க மேடம்."

ரெக்கார்டைப் போடச் சொன்னார். எல்லோரும் வந்து நின்றார்கள். என் குரல் வந்தது. அமைதியாக, வழுக்கிக்கொண்டு வந்தது. "ரெண்டாவது. பிளஸ்." தட்டு. "அஞ்சு."

முனிரத்தினம் என்னைப் பார்த்து, "யோவ், தாள்ல மைனஸ் கீது. நீ இன்னாயா எதப் பாத்துப் படிச்ச?" என்றார்.

ஷாகிரா தன் தாளை நீட்டினார். "எங்கிட்ட பிளஸ்தான் மேடம். அதான் கை தூக்கல."

இளங்கோ குறுக்கே வந்தார். "மைனஸ்தானே மேடம் வரணும்? மேல் வட்டத்துல வேகம் கம்மி. ஏழாயிரத்து அறுநூத்திப் பன்னெண்டுலேர்ந்து ஏழாயிரத்து அறுநூத்தி ஒண்ணுக்கு வரணும். பிரேக் போடாம எப்படிக் கம்மியாகும்? தப்பா ஏத்திட்டோம் மேடம்!"

"கம்மி அதுவா ஆவும் இளங்கோ. நாம கம்மி பண்றதில்ல" என்றார் ஷாகிரா.

"பேஜாரு பண்ணாதீங்க ஷாகிரா. நான் ரெண்டு தடவை பாத்தேன்."

"கணினி இன்னா குடுத்துச்சி?"

இளங்கோ யோசித்தார். "பிளஸ் குடுத்துச்சி. எழுதறப்போ தப்பாப் பட்டுச்சி. மாத்தினேன்."

சுவர்க் கடிகாரத்தில் இருபத்தொன்பது நிமிடம் போயிருந்தது. பூமிக்கு அந்தப் பக்கம் ஒரு வண்டி ஏறிக்கொண்டிருந்தது. அதற்குள் நான் சொன்ன ஒரு குறி இருந்தது. நான் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லாத குறி.

மேடம் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"ஏகாம்பரம். பிளஸ்ஸா, மைனஸ்ஸா?"

அதே குரல். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேட்கிற குரல். என் பதிலும் நாக்கிலேயே இருந்தது. தெரியாதுங்க மேடம் என்றால், கை தவறிவிட்டது, வாய் தவறிவிட்டது என்று போயிருக்கும். நாளைக்கும் நான் படிக்கிறவன். இளங்கோவைப் பார்த்தேன். அந்தப் பிள்ளை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பிளஸ் மேடம்."

"எப்படித் தெரியும்?"

பாலத்தைச் சொன்னேன். மேட்டில் மிதித்ததையும், மேலே போய் இன்னொரு மிதி மிதித்ததையும், அப்படியும் மெதுவாகப் போனதையும் சொன்னேன். சொல்லி முடிக்க ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

"எப்போ?"

"ரெண்டு வருசம் ஆவுதுங்க மேடம்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு, "இளங்கோ, போர்டுல போடுங்க" என்றார்.

இளங்கோ போட்டார். கீழ் வட்டத்தில் வினாடிக்கு 7612 மீட்டர் சொச்சம். முதல் தள்ளல் கொடுத்ததும் 7618. ஏற ஏறக் குறைகிறது. மேலே போய்ச் சேரும்போது 7596. ஆனால் அங்கே நிற்க வேண்டுமானால் 7601 சொச்சம் வேண்டும். ஐந்தரை போதவில்லை. அதைக் கூட்டத்தான் வேண்டும். அந்த இடத்துக்கு வந்ததும் சாக்பீஸை வைத்துவிட்டு இளங்கோ உட்கார்ந்துவிட்டார். அவர் மைனஸ் ஏறியிருந்தால் வண்டி மேலே போய்ச் சேர்ந்த இடத்தில் பிரேக் பிடித்து, ஐந்நூறுக்கும் கீழே சரிந்திருக்கும்.

போர்டில் சரியாகிவிட்டது. ஆனால் வண்டி இன்னும் வரவில்லை. போர்டு வேறு, வண்டி வேறு. நேரத்துக்கு வந்தால்தான் நம்புவேன் என்று மேடம் சொன்னார். முனிரத்தினம் ஆன்டெனாவை அது வரவேண்டிய மூலைக்குத் திருப்பி வைத்தார். வேறு பாதைக்குப் போயிருந்தால் பன்னிரண்டு வினாடியாவது முன்னே பின்னே ஆகும் என்றார் ஷாகிரா. எல்லோரும் நின்றுகொண்டே இருந்தோம். ஸ்பீக்கரில் இரைச்சல் மட்டும். அந்த இரைச்சலுக்குள் நான் என் குரலையே கேட்டுக்கொண்டிருந்தேன். ரெண்டாவது. பிளஸ். அஞ்சு. யாரோ பக்கத்தில் நின்று படிப்பதுபோல.

"பத்து" என்றார் முனிரத்தினம். "ஒம்பது. எட்டு."

ஒன்று என்றார். சைபர் என்று சொல்ல வாயெடுத்தார். இரைச்சல் அடங்கி அந்தக் கீச்சுச் சத்தம் வந்தது.

"வந்துகினு கீது மேடம். ஐந்நூத்தி இருவதுல கீது."

யாரும் கை தட்டவில்லை. வெளியே பொழுது சாய்ந்திருந்தது. டிபன் பாக்ஸ் மேசையிலேயே மூடிக் கிடந்தது. அன்று மேடம் சாப்பிடவில்லை.

போகும்போது என்னிடம் சொன்னார். "வண்டி பொழச்சுது. அது வேற. நாளையிலேர்ந்து நீங்க படிக்க வேணாம் ஏகாம்பரம்."

"சரிங்க மேடம்."

"பொய் சொன்னதுக்கு இல்ல. தெரிஞ்சிபோச்சி, அதுக்கு."

நியாயம்தான். இன்றைக்குச் சரியாகத் தெரிந்த வாய் நாளைக்குத் தப்பாகத் தெரிந்து படிக்கும். இளங்கோ கை அப்படித்தான் எழுதியது.

எனக்குப் பதிலாகக் கூட்டிப் பெருக்குகிற கோவிந்தம்மா படித்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. பஸ் நம்பர் பார்த்துப் பழகி எண் தெரியும். நன்றாகப் படித்தார். முனிரத்தினம் மட்டும், "இன்னா கோவிந்தம்மா, வண்டி வேலூரு போவுமா?" என்று கிண்டல் செய்வார். நான் ஸ்டோர் ரூம் வேலைக்குப் போனேன்.

இதோடு முடியவில்லை.

மேடம் என் பழைய ரெக்கார்டு எல்லாவற்றையும் தாளோடு ஒப்பிடச் சொன்னார். நானும் ஷாகிராவும். பகலில், ஸ்டோர் பக்கத்து அறையில், ஆளுக்கு ஒரு ஹெட்போன். மொத்தம் முந்நூற்றுப் பதினெட்டு வாசிப்பு. ஒன்பது நாள் ஆனது. ஒன்பது நாளும் நான் என் குரலைக் கேட்டேன். பழசிலிருந்து தொடங்கினோம். ஆரம்பத்தில் குரல் தடுமாறும். எச்சில் விழுங்கும். போகப் போகத் தடுமாற்றம் குறைந்தது. பிறகு விழுங்குவதும் நின்றது. மூச்சு வாங்குவதும் கேட்கவில்லை.

முதல் மாதத்துத் தாள் ஒன்றில் ஷாகிரா நிறுத்தினார்.

"அண்ணா, தாள்ல ஒம்பது. நீங்க நாலுன்னு படிக்கறீங்க."

திரும்பப் போட்டோம். நாலு. அன்றைக்குச் சரிபார்த்தவரின் தாளை எடுத்துப் பார்த்தோம். அதிலும் நாலு. அதனால்தான் அவர் கை தூக்கவில்லை. எழுதியவர் தப்பாக எழுதியிருக்கிறார். தப்பை நான் படிக்கவில்லை.

"எழுத்து கோணலா இருந்திருக்கும்மா."

ஷாகிரா தாளைத் திருப்பிக் காட்டினார். கோணல் இல்லை. அச்சுப்போல ஒன்பது.

குறியென்றால் பழக்கத்தில் வரும் என்று சொல்லலாம். இது புள்ளிக்குப் பின்னால் மூன்றாவது இடம். அப்போது எனக்கு மேல் எது, கீழ் எது என்றே தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

"வேற யாராவது சொல்லிக் குடுத்தாங்களா அண்ணா? பக்கத்துல யாராவது நின்னாங்களா?"

அந்த முதல் மாதத்து நாளில் அறையில் இருந்தவர்களை எண்ணினேன். விரல் விட்டு எண்ணினேன். ஐந்து பேர்.

ஒன்பதாம் நாள் முடிவை எழுதிக்கொண்டு மேடத்திடம் போனோம். தாளுக்கும் குரலுக்கும் ஒத்துப்போகாதவை மொத்தம் நான்கு. நான்கிலும் குரல் சரி. மேடம் தேதிகளைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். பென்சிலை எடுத்தார்.

"பாலத்துக்கு முன்னாடி எத்தன ஏகாம்பரம்?"

தட்டு விழுந்தது. தாளைப் பார்த்துப் படித்தேன்.

மூன்று.